பதிமூன்று பல்

ஆகஸ்ட் மாதத்தில் எங்கள் ஊர்க்காரர்கள் தக்காளி தின்பதில்லை. வாடையே வயிற்றை நிறைத்துவிடும். விடிந்ததும் விடியாததுமாக லாரிகள் கால்வாய்ப் பாலத்திலிருந்து தக்காளித் தொழிற்சாலை வாசல்வரை வரிசை கட்டிவிடும். வெயில் ஏற ஏற அடியில் நசுங்கிய பழத்தின் சாறு ரோட்டில் ஒழுகிச் செருப்பு ஒட்டும். ஈக்களுக்கு அதுதான் பண்டிகைக் காலம். எங்கள் ஊரான காசல்ரோவெரேயில் பிறந்துவிட்டு அந்தத் தொழிற்சாலையில் ஒரு பருவமாவது நிற்காமல் செத்தவர் யாரும் இருப்பதாக எனக்குத் தெரியவில்லை. எங்கள் பாதிரியாரும் படிக்கிற காலத்தில் அங்கே பெட்டி அடுக்கியவர்தான்.

நானும் பக்கத்து வீட்டு நீவெஸும் கல்யாணத்துக்கு முன்பிருந்தே பழம் ஓடுகிற ஒரே பட்டையின் இரண்டு பக்கமும் எதிரெதிரே நின்று அழுகல் பொறுக்குகிறவர்கள். வீட்டுக்கு வந்தால் இரண்டு சமையலறைக்கும் ஒரே சுவர். அவள் வீட்டில் பூண்டு வதங்கினால் என் வீட்டில் பசிக்கும்.

நீவெஸின் புருஷன் எர்மெஸ் அங்கே மெக்கானிக். பழம் ஏறுகிற பட்டை, டப்பா நகர்கிற தடம், மூடி போடுகிற மிஷின் எல்லாம் சங்கிலியில் ஓடுகின்றன. சங்கிலி பல்சக்கரத்தில் ஓடுகிறது. ஒரு பல் தேய்ந்தால் போதும், சங்கிலி தாவும், பட்டை நிற்கும், நாங்கள் கையைத் துடைத்துக்கொண்டு ஆளுக்கொரு சிகரெட் பிடிப்போம். அதனால் பல் தேய்வதில் எங்களுக்கு ஒரு வருத்தமும் கிடையாது. எர்மெஸுக்கு அப்படியில்லை. எண்ணெய்க் குப்பியைக் கையில் வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கம் சாய்த்து, பட்டையோரமாக நடப்பான். சத்தம் கொஞ்சம் மாறினால் அவன் முகம் மாறும்.

ஊரில் எது சுற்றினாலும் எர்மெஸைத்தான் கூப்பிடுவார்கள். சோளம் பறிக்கிற மிஷின், கோவில் மணியின் மோட்டார், பங்குக் கூடத்தில் சனிக்கிழமை படம் காட்டுகிற கருவி. அந்தக் கருவியைச் சரிசெய்து வந்த அன்று எங்கள் இரண்டு வீட்டையும் உட்காரவைத்துப் பாடம் நடத்தினான்.

"படச்சுருள் ஓரத்துல ஓட்டை ஓட்டையா இருக்குல்ல, அதுல போய் மாட்டறதும் இந்தப் பல்லுதான். இது இல்லைன்னா முத்தம் குடுக்கறவன் வாய் ஒரு பக்கம் போகும், சத்தம் இன்னொரு பக்கம் போகும். மோட்டார்கிட்ட பலம் இருக்கு, பட்டைக்கு வேலை இருக்கு. நடுவுல பல்சக்கரம் இல்லைன்னா இவன் பலம் அவன்கிட்டப் போய்ச் சேராது. கத்துக்கங்க."

"இந்த ஆள் எனக்கு ஒரு மோதிரம் போட்டான்," என்றாள் நீவெஸ். "நல்லவேளை, அதுக்குப் பல்லு வைக்கல."

அவர்களுக்கு ஒரே மகள், லொரேல்லா. அந்த வருடம் அவளுக்குப் பதினேழு நடந்துகொண்டிருந்தது. பகலெல்லாம் எங்களோடு பட்டையில் நிற்பாள். வேலை விட்டதும் கையில் தக்காளிக் கறையோடு சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆற்றங்கரை ரோட்டுக்குப் போய்விடுவாள். எங்கள் சமவெளியில் சைக்கிள் பந்தயம் என்றால் பாலுக்கு அழுகிற குழந்தையும் அழுகையை நிறுத்திவிட்டுப் பார்க்கும். லொரேல்லா நன்றாகவே ஓட்டுவாள். ஆனால் எப்போதும் இரண்டாவது. ரெஜ்ஜோவிலிருந்து வருகிற பத்ரீசியா என்ற பெண்தான் எப்போதும் முதல். கடைசி நேர்ப்பாதை வரை இவள் முன்னால் இருப்பாள். கோடு தெரிந்ததும் அவள் பக்கவாட்டில் வந்து தாண்டிப் போவாள்.

காப்பிக் கடை அர்ஜியாவுக்கு வாய் சும்மா இருக்காது. "ஏண்டி லொரேல்லா, முதல் இடம்னா உனக்கு உடம்புல தடிப்புத் தடிப்பா வருமா?" என்று கேட்பாள். லொரேல்லா சிரித்துவிட்டுப் போவாள். எர்மெஸ் சிரிக்கமாட்டான். காப்பியைப் பாதியில் வைத்துவிட்டு எழுந்துவிடுவான்.

சான் ரோக்கோ திருநாளன்று எங்கள் ஊரிலேயே பெண்கள் பந்தயம் நடக்கும். கோவில் வாசலில் முடியும். அந்த வருடம் பெர்கமோவிலிருந்து ஒரு பெண்கள் அணியின் ஆள் வருவதாகப் பேச்சு. அடுத்த வருடத்துக்கு ஒரே ஒரு பெண்ணை எடுப்பாராம். எடுத்தால் லொரேல்லா பெர்கமோ போவாள், பந்தயத்தையே தொழிலாக ஓட்டுவாள். எடுக்காவிட்டால் செப்டம்பரில் தொழிற்சாலையின் குளிர்காலப் பிரிவில் கையெழுத்துப் போட வேண்டியதுதான். அங்கே சேர்ந்தவர்கள் கிழவியாகித்தான் வெளியே வந்திருக்கிறார்கள். என்னைப் பார்த்தாலே தெரியும்.

பல் கதையை இங்கே சொல்லிவிட வேண்டும். பந்தய சைக்கிளின் பின்சக்கரத்தில் பல்சக்கரங்கள் அடுக்காக இருக்கும். பெரியது மேட்டுக்கு, சிறியது வேகத்துக்கு. பல் குறையக் குறைய ஒரு மிதிக்கு சைக்கிள் அதிக தூரம் ஓடும். காலுக்குப் பாரமும் அதிகம். வளர்கிற பிள்ளைகளின் முட்டி கெட்டுப்போகும் என்று, அந்த வயதுப் பந்தயங்களில் பதினாலு பல்லுக்குக் குறைவான சக்கரம் போடக் கூடாதென்று விதி. அதைச் சோதிக்கத் தரையில் சாக்கட்டியால் இரண்டு கோடு போடுவார்கள். முதல் கோட்டில் சக்கரத்தை வைத்து, மிதிகட்டை ஒரு முழுச் சுற்றுச் சுற்றும்வரை சைக்கிளைப் பின்னால் உருட்டுவார்கள். இரண்டாவது கோட்டைச் சக்கரம் தாண்டக் கூடாது. தாண்டினால் பல் குறைவு, ஆள் வெளியே.

பந்தயத்துக்கு முன்னால் எல்லோருக்கும் இந்தச் சோதனை உண்டு. முடிந்த பிறகு ஜெயித்தவளுக்கு மறுபடியும் நடக்க வேண்டும். ஆனால் எங்கள் ஊர் வழக்கம் வேறு. ஜெயித்தவள் சைக்கிளோடு நேரே கோவிலுக்குள் போவாள். பாதிரியார் புனிதர் சிலையின் காலடியில் நிற்கிற நாய்க்கு ஒரு தெளி, சைக்கிளுக்கு ஒரு தெளி என்று தீர்த்தம் தெளிப்பார். அதோடு நடுவரை ஊர் சைக்கிள் சங்கத் தலைவர் பொக்கி தோளில் கைபோட்டு வீட்டுக்கு அழைத்துப் போய்விடுவார். பன்றித்தொடை இறைச்சியும் லாம்ப்ரூஸ்கோ ஒயினும் மேசைக்கு வந்தபிறகு எந்த நடுவருக்குச் சாக்கட்டி ஞாபகம் வரும்? இத்தனை வருடத்தில் எங்கள் ஊரில் முடிந்தபிறகு அளந்ததே இல்லை. இது ஊருக்கே தெரியும். சங்கத்தின் மெக்கானிக் எர்மெஸுக்கு எல்லோரையும்விட நன்றாகத் தெரியும்.

அன்றைக்குக் காற்றே இல்லாமல் காலையிலேயே கொதித்தது. பாப்ளார் மரங்களில் இலை அசையவில்லை. பள்ளிக்கூடச் சுவரோரம் அளந்தபோது லொரேல்லாவின் சைக்கிள் கோட்டுக்குள்தான் நின்றது, நான் பார்த்தேன். பிறகு நான் அவள் முதுகில் பந்தய எண் எழுதிய துணியைக் குத்திக்கொண்டிருந்தேன்; நீவெஸ் தண்ணீர்க் குப்பி நிரப்பப் போயிருந்தாள். எர்மெஸ் சைக்கிளைப் பிடித்துக்கொண்டு பக்கத்தில் நின்றான்.

"பின்டயர்ல காத்து எறங்குது," என்றான். "வேன்ல வேற சக்கரம் இருக்கு. மாத்திக் குடுக்கறேன்."

"சீக்கிரம்ப்பா," என்றாள் லொரேல்லா, திரும்பிப் பார்க்காமல்.

பந்தயத்தைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. மத்தியானம் நெருங்கும்போது கொஞ்சம் காற்று எழுந்தது, அதுவும் முதுகுப் பக்கமிருந்து. கால்வாயைத் தாண்டி ரோடு கோவிலை நோக்கி லேசாகச் சரிகிற இடத்தில் பத்ரீசியா வழக்கம்போல பக்கவாட்டில் வந்தாள். நாங்கள் வழக்கம்போல "போச்சு" என்றோம். போகவில்லை. லொரேல்லா தலையைக் குனிந்துகொண்டு, மெதுவாகச் சுற்றுவதுபோல் தெரிந்த கால்களோடு முன்னால் நகர்ந்துகொண்டே இருந்தாள். அரைச் சக்கர வித்தியாசத்தில் ஜெயித்தாள். அர்ஜியா தன் ஏப்ரனால் முகத்தை மூடிக்கொண்டு அழுதாள். வாய்தான் அவளுக்கு அப்படி, மனசு வெண்ணெய்.

சைக்கிளைத் தூக்கிக்கொண்டு லொரேல்லா கோவில் படியேறப் போனபோது, "கொஞ்சம் நில்லும்மா," என்று ஒரு குரல் கேட்டது.

அந்த வருடம் வந்த நடுவர் மோதெனாக்காரி, கிதீனி என்று பெயர். ஒல்லியான, கண்ணாடி போட்ட அம்மா. பொக்கி ஓடிவந்தார்.

"அம்மா, முதல்ல வீட்டுக்கு வாங்க. காலையிலேருந்து நிக்கறீங்க. எங்க வீட்டுல தொர்தெல்லி மடிச்சு வச்சு, கொதிக்கிற தண்ணிக்குப் போகக் காத்துக்கிட்டிருக்கு."

"காத்திருக்கட்டும் தலைவரே. எனக்கு வேலை முடிஞ்சாத்தான் சாப்பாடு எறங்கும்."

"இங்க அப்படி வழக்கமில்லைங்க..."

"விதி இருக்குல்ல?" என்று சொல்லிவிட்டு அந்த அம்மா கோவில் வாசலிலேயே மண்டிபோட்டுக் கோடு கிழித்தாள். நான் எர்மெஸைப் பார்த்தேன். அவன் வேனின் கதவைத் திறப்பதும் மூடுவதுமாக இருந்தான்.

சக்கரம் உருண்டது. கோட்டைத் தொட்டது. தாண்டியது. ஒரு முழத்துக்கும் மேலே போய் நின்றது. நடுவர் குனிந்து, விரலை வைத்துப் பல்லை எண்ணினாள்.

"பதிமூணு," என்றாள். "காலையில பதினாலா இருந்துச்சு. இது யார் வேலை?"

எங்கள் எல்லோர் கண்ணும் மெக்கானிக் பக்கம் திரும்பியது. எர்மெஸ் தொண்டையைச் செருமினான்.

"சக்கரம்... மாறிப்போச்சு போல," என்றான்.

"தானா மாறாதே. மாத்தினது யாரு? மெக்கானிக்கா இருந்தா இனிமே ஜென்மத்துக்கும் பந்தய சைக்கிளைத் தொட முடியாது, தெரியுமில்ல?"

எர்மெஸ் தரையைப் பார்த்தான். லொரேல்லா அப்பாவைப் பார்த்தாள். அவள் முகத்தில் இருந்த சிவப்பு கீழே வடிந்து போனதை நான் பார்த்தேன். வெயிலில் அப்படி வெளுத்த முகத்தை நான் கண்டதில்லை.

"நான்தான்," என்றாள்.

"நீயா? எப்ப?"

"காலையில அளந்ததுக்கு அப்புறம். வேன்ல இருந்து எடுத்து மாட்டிக்கிட்டேன். அப்பாவுக்குத் தெரியாது."

யாரும் கேட்காமலே கழுத்திலிருந்த மாலையைக் கழற்றிப் பத்ரீசியாவின் கையில் கொடுத்தாள். பத்ரீசியாவுக்கு அதை எப்படி வாங்கிக்கொள்வதென்று தெரியவில்லை, பாவம். பெர்கமோ ஆள் குறிப்பேட்டை மூடிச் சட்டைப்பைக்குள் வைத்துக்கொண்டு காரை நோக்கி நடந்தார். எர்மெஸ் அதே இடத்தில் நின்றான். வாயைத் திறக்க அவனுக்கு அப்போது எவ்வளவோ நேரமிருந்தது. திறக்கவில்லை.

அன்று மத்தியானம் அவர்கள் வீட்டில்தான் எனக்கும் சாப்பாடு. நீவெஸ் முன்பே அழைத்திருந்தாள், வராமலிருக்க ஒரு சாக்குத் தேடினேன், கிடைக்கவில்லை. கீரையும் பாலாடைக்கட்டியும் மாவுக்குள் வைத்து மடித்த தொர்தெல்லி, உருகிய வெண்ணெயில் மிதந்துகொண்டிருந்தது. நீவெஸ் முந்தின நாள் முழுக்க உட்கார்ந்து செய்தது. ஒருவரும் கை வைக்கவில்லை. வெண்ணெய் உறைந்துகொண்டு வந்தது.

"எங்க போச்சு உன் புத்தி?" நீவெஸ் மகளைப் பார்த்துக் கத்தினாள். "தொழிற்சாலையில ஒரு டப்பா தக்காளிகூட நான் வீட்டுக்கு எடுத்துட்டு வந்ததில்ல. எங்கம்மா எடுத்துட்டு வந்ததில்ல. நீ கோவில் வாசல்ல போய்த் திருடியா நிக்கற! நாளைக்குப் பட்டையில எந்த மூஞ்சியோட நிக்கறது நான்?"

லொரேல்லா முள்கரண்டியால் மேசைத்துணியில் கோடு போட்டுக்கொண்டிருந்தாள்.

"பேசேன்டி!"

"விடு நீவெஸ்," என்றான் எர்மெஸ், மெல்ல.

நீவெஸ் நிறுத்தினாள். மெதுவாகத் திரும்பி அவனைப் பார்த்தாள்.

"என்னது? விடவா?" என்றாள். "இந்த வீட்டுல ஒரு பல்லுல எண்ணெய் காஞ்சாலே நீ கூரையப் பிய்க்கற ஆளு. போன மாசம் இவ சங்கிலியத் துடைக்காமப் படுத்துட்டான்னு ரெண்டு நாள் பேசல. இன்னைக்கு உனக்குத் தெரியாம உன் வேன்ல கைவச்சு, உன் சக்கரத்தை எடுத்து மாட்டியிருக்கா. நீ ஒரு வார்த்தை திட்டல. ஏன்?"

எர்மெஸ் எண்ணெய் படிந்த தன் நகங்களைப் பார்த்தான். நீவெஸ் நாற்காலியில் உட்கார்ந்துவிட்டாள்.

"ஐயோ கடவுளே," என்றாள். "நீயா?"

"யாரும் அளக்க மாட்டாங்கன்னு நெனச்சேன்."

"அதுவா நான் கேட்டேன்?"

"பெர்கமோக்காரன் வந்திருந்தான் நீவெஸ். இந்த ஒரு நாள். ஒரே ஒரு பல்லு. அந்த நேர்ப்பாதையில கொஞ்சம் தள்ளிவிட்டாப் போதும்னு..."

"அங்க நின்னியே, மரமாட்டம்! பொண்ணு உன் பழியத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டா. நீ பாத்துக்கிட்டு நின்ன!"

"வாய் வரல," என்றான் எர்மெஸ். "சத்தியமா வரல."

எனக்கு அந்த இடத்தை விட்டு எழுந்து ஓடவேண்டும் போலிருந்தது. அடுத்தவர் அவமானத்தை அவர்கள் தட்டிலேயே உட்கார்ந்து பார்ப்பதைவிடக் கொடுமை உண்டா? ஆனால் லொரேல்லா வாசல் பக்கம் உட்கார்ந்திருந்தாள். அவளைத் தாண்டித்தான் போகவேண்டும்.

"ஞாயித்துக்கெழமை பூசை முடிஞ்சதும் ஊரே காப்பிக் கடையில இருக்கும்," என்றாள் நீவெஸ். "எல்லாரும் கேட்கச் சொல்ற. இல்லைன்னா இந்த வீட்டுக்கு வராத."

"சொல்ல வேணாம்," என்றாள் லொரேல்லா.

அன்று வீட்டுக்கு வந்து அவள் பேசிய முதல் வார்த்தை அதுதான்.

"அப்பாவக் காப்பாத்தணும்னு நான் சொல்லலம்மா. அப்படி நெனச்சுக்காதீங்க. மிதிக்கும்போது கனமா இருந்துச்சு. எனக்கு என்ன தோணுச்சு தெரியுமா? கனமா இருந்தும் போகுதே, கால்ல பலம் வந்துடுச்சுன்னு நெனச்சேன். வாழ்க்கையில மொத தடவை அப்படி நெனச்சேன். அப்புறம் அந்தம்மா பதிமூணுன்னாங்க." அவள் தண்ணீர் குடித்துவிட்டுத் தொடர்ந்தாள். "திருடின்னு சொன்னா சொல்லிட்டுப் போகட்டும். திருடிக்கு ஜெயிக்கணும்னு ஆசையாவது இருந்துச்சுன்னு நெனப்பாங்க. பெத்த அப்பனுக்கே இவ கால் மேல நம்பிக்கை இல்லைன்னு ஊருக்குத் தெரிஞ்சா? அதைத்தான் என்னால தாங்க முடியாது."

எர்மெஸ் தலையைக் குனிந்து, இரண்டு கையையும் மேசைக்கடியில் மறைத்துக்கொண்டான்.

அந்த வாரம் தொழிற்சாலையில் பழம் மலைமலையாக வந்தது. பட்டையில் பெண்களின் கை வேகமாக ஓட, வாயும் வேகமாக ஓடியது. லொரேல்லா வந்து நின்றதும் ஒருத்தி ஆரம்பிப்பாள்.

"இன்னைக்கு பட்டை ரொம்ப வேகமாப் போகுதே! யாராச்சும் ஒரு பல்லக் கொறச்சுட்டாங்களா?"

"அவ கைப்பையப் பாருங்கடி, உள்ள என்ன சக்கரம் இருக்கோ."

லொரேல்லா அழுகலை அழுகலாகப் பொறுக்கிக்கொண்டு நிற்பாள். எதிரே நீவெஸின் கன்னம் துடிக்கும். ஒரு நாள் எங்கள் பட்டையே நின்றுபோனது. எர்மெஸ் ஏணி போட்டு மேலே ஏறி, தேய்ந்த பல்சக்கரத்தைக் கழற்றிக்கொண்டிருந்தான். அவன் மேலே இருப்பது தெரியாமல் கீழே ஒருத்தி சொன்னாள்: "அந்த மனுசன் முகத்தப் பாத்தாத்தான் பாவமா இருக்கு. எவ்வளவு நேர்மையான ஆளு! பொண்ணு இப்படித் தலைகுனிய வச்சுட்டாளே." மேலேயிருந்து திருகுச்சாவி கீழே விழுந்தது. எடுத்துக் கொடுக்கப் போனேன். கையை நீட்டி வாங்கியவன் என் முகத்தைப் பார்க்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை காப்பிக் கடையில் நிற்க இடமில்லை. பூசைக்குப் போனவர்களும் அங்கேதான், போகாதவர்களும் அங்கேதான். நீவெஸ் வரவில்லை, "நீ போய்ப் பாத்துட்டு வந்து சொல்லு" என்று என்னை அனுப்பியிருந்தாள். எர்மெஸ் கல்யாணச் சட்டை போட்டு, கழுத்துப் பொத்தான்வரை பூட்டியிருந்தான். நேரே அர்ஜியாவின் மரமேசை முன்னால் போய் நின்றான்.

"எல்லாரும் கேளுங்க," என்றான். "அன்னைக்குச் சக்கரத்தை மாத்தினது நான். லொரேல்லா இல்ல. அவளுக்கு ஒண்ணும் தெரியாது."

சீட்டு விளையாடிக்கொண்டிருந்தவர்கள் சீட்டைக் கவிழ்த்து வைத்தார்கள். பிறகு அர்ஜியா மேசையைச் சுற்றி வந்து அவன் கையைப் பிடித்துக்கொண்டாள். கண்ணெல்லாம் தண்ணீர்.

"எர்மெஸ்," என்றாள், "நீ மனுசன்டா."

"இல்ல அர்ஜியா, உண்மையத்தான் சொல்றேன்."

"சொல்லு, சொல்லு. எந்த அப்பன்தான் சொல்லமாட்டான்?"

"டயர்ல காத்து எறங்குதுன்னு பொய் சொல்லி நானே வேன்ல இருந்து எடுத்து..."

"ஆமாமா," என்றார் பொக்கி. தோளில் கை போட்டார். "உன்னை எனக்குத் தெரியாதா? பல்லு விஷயத்துல நீ பொய் சொல்லுவியா? பொண்ணு எல்லார் முன்னாலயும் தெளிவாச் சொல்லிட்டா, எப்ப எடுத்தா, எங்க மாட்டினான்னு. சின்னப் புள்ள, புத்தி தடுமாறிருச்சு. நீ இதை என்கிட்ட சொல்லவும் இல்ல, நான் கேட்கவும் இல்ல. சங்கத்து மெக்கானிக் நீதான்."

"தலைவரே, நான்தான் செஞ்சேன்!" எர்மெஸ் கத்தினான். கழுத்து நரம்பு புடைத்தது. "எத்தனை தடவை சொல்றது? நான்தான்!"

மூலையில் உட்கார்ந்திருந்த கிழவர் நுல்லோ தலையை ஆட்டினார். "என் பையன் மோட்டார் சைக்கிளைத் தூக்கிட்டு வந்தப்போ நானும் போலீஸ்காரன்கிட்ட இப்படித்தான் கத்தினேன். அவனும் நம்பல. கடைசியில எனக்கு ஒரு காப்பி வாங்கிக் குடுத்தான்."

"அவன் சொல்றது உண்மைதான்," என்றேன் நான். என் குரல் எனக்கே சின்னதாகக் கேட்டது.

"நீ நீவெஸோட சிநேகிதி," என்றாள் அர்ஜியா. "வேற என்ன சொல்லுவ? சரி சரி, எல்லாரும் நகருங்க, அவனுக்கு மூச்சு வாங்குது."

யாரோ அவன் முன்னால் ஒரு குவளை வெள்ளை ஒயினை வைத்தார்கள். யாரோ முதுகைத் தட்டினார்கள். சீட்டாடுகிற மேசையிலிருந்து ஒருவன் எழுந்து தன் நாற்காலியை அவனுக்குக் கொடுத்தான். எர்மெஸ் நின்று அவர்கள் முகங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தான். பிறகு உட்கார்ந்தான். குவளையை எடுத்துக் குடித்தான். அதை மட்டும் அவன் குடித்திருக்க வேண்டாம். இன்றைக்கும் எனக்கு அதுதான் ஆறவில்லை.

வீட்டுக்கு நாங்கள் இருவரும் நடந்து வந்தோம். வழியில் எதிர்ப்பட்ட பாதிரியார் தொப்பியைத் தூக்கி அவனுக்கு வணக்கம் வைத்தார். செய்தி எங்களுக்கு முன்னால் நடந்துவிட்டது.

சமையலறையில் நீவெஸும் லொரேல்லாவும் அவரைக்காய் உரித்துக்கொண்டிருந்தார்கள். நானும் உட்கார்ந்து ஒரு கை எடுத்துக்கொண்டேன். எர்மெஸ் கதவருகிலேயே நின்றான்.

"சொன்னியா?" என்றாள் நீவெஸ்.

"சொன்னேன்."

"என்ன சொன்னாங்க?"

"நம்பல."

"ஒருத்தருமா?"

"ஒருத்தரும். ஒயின் குடுத்தாங்க."

லொரேல்லா நிமிர்ந்து அவனைப் பார்த்தாள். அந்த வாரத்தில் முதல்முறையாகச் சிரித்தாள். சிரிக்க ஆரம்பித்தவளால் நிறுத்த முடியவில்லை; அம்மாவின் தோளில் முகத்தை வைத்துக்கொண்டு குலுங்கினாள். அது சிரிப்பா அழுகையா என்று நீவெஸ் அவள் முகத்தைத் தூக்கிப் பார்க்க வேண்டியிருந்தது.

"அப்போ உன்னைத் தூக்கித் தலையில வச்சுக்கிட்டாங்க," என்றாள் லொரேல்லா, கண்ணைத் துடைத்துக்கொண்டு. "சரி. இருந்துட்டுப் போ. ஊர்ல இனிமே நீ இதைப் பேசாத. எனக்கு அது போதும்."

"லொரேல்லா, நான் பெர்கமோவுக்கு ஃபோன் பண்ணி..."

"வேணாம்ப்பா. அவனும் உன்னை நல்ல அப்பன்னு சொல்லி வச்சுடுவான்."

வெளியே லாரி ஒன்று பாலத்தில் ஏறுகிற சத்தம் கேட்டது. ஞாயிற்றுக்கிழமையும் பழம் நிற்பதில்லை. லொரேல்லா ஒரு காயை எடுத்து, உரிக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டிருந்தாள்.

"எனக்கு ஒண்ணு மட்டும் சொல்லு," என்றாள். "இங்க ஊர்க்காரங்க யாரும் இல்ல. நாலு பேருதான். பதினாலே இருந்திருந்தா நான் ஜெயிச்சிருப்பேனா?"

நீவெஸின் கை நின்றுவிட்டது. என் கையும்.

எர்மெஸ் வாயைத் திறந்தான். அவன் கணக்குத் தெரிந்தவன். அந்தச் சரிவு, முதுகுக் காற்று, பத்ரீசியாவின் சக்கரம், இவளுடைய சக்கரம், நடுவில் இருந்த அரைச் சக்கர இடைவெளி எல்லாம் அவன் கண்ணுக்குள் ஓடுவது எங்கள் மூன்று பேருக்கும் தெரிந்தது. அந்தக் கணக்குக்கு வந்த விடையையும் அவனால் மறைக்க முடியவில்லை.

"ஜெயிச்சிருப்ப," என்றான்.

அதற்குள் லொரேல்லா எழுந்து, மடியிலிருந்த தோலை வாளியில் உதறிவிட்டு, முற்றத்துக்குப் போய்விட்டிருந்தாள்.